இடம் உண்டு என்றார்கள், இறங்கு என்கிறார்கள்!

பந்தியிலே அமர்ந்தவனை எழுப்பிவிடுவதைப் போல ஓர் அவமானம் நம் மக்களுக்கு வேறில்லை. அழையாமல் போனவன் அல்லன் அவன். அழைப்பு வந்தது; மொய்யும் எழுதியாயிற்று; இலையும் போட்டாயிற்று. இலைக்கு முன்னே அமர்ந்து, தண்ணீர் தெளித்துத் துடைத்துக் காத்திருக்கிறான். வருகிறார் வீட்டுக்காரர். “கொஞ்சம் எழுந்திருங்கள், முக்கியமானவர் ஒருவர் வந்திருக்கிறார், நீங்கள் அடுத்த பந்தியிலே பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார்! எழுந்து வெளியேறுகிறவன் உள்ளம் என்ன பாடுபடும்? பசியா பெரிது? பசி அடுத்த வேளைச் சோற்றிலே தீரும். அந்தச் சொல் தீருமா?

யார் எங்கே உட்காரலாம் என்பது நமக்குச் சின்ன விஷயமல்ல, தோழர்களே. ரயிலடிச் சிற்றுண்டிச் சாலையிலே பிராமணாளுக்கு ஒரு பக்கம், மற்றவருக்கு ஒரு பக்கம் என்று பலகை தொங்கிய நாடு இது. அந்தப் பலகையை இறக்கவே ஓர் இயக்கம் போராட வேண்டியிருந்தது. 1893-ல் தென்னாப்பிரிக்காவிலே, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயிலடியிலே, முதல் வகுப்புச் சீட்டைக் கையிலே வைத்திருந்த காந்தியாரைப் பெட்டியிலிருந்து இறக்கினார்கள். காரணம் நிறம். இன்று விமானத்திலிருந்து இறக்குகிறார்கள். கேட்டால், நிறமும் பார்ப்பதில்லை, குலமும் பார்ப்பதில்லை, கணக்குத்தான் பார்க்கிறோம் என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். அந்தக் கணக்கைத்தான் இன்று நாமும் கொஞ்சம் பார்ப்போம்.

2017 ஏப்ரல் 9. அமெரிக்காவிலே சிகாகோ நகரம். லூயிவில் என்ற ஊருக்குப் புறப்பட இருக்கிறது யுனைடெட் கம்பெனியின் பெயரால் ஓடும் ஒரு விமானம். பயணிகள் எல்லோரும் ஏறி அமர்ந்துவிட்டார்கள். அப்போது வருகிறார்கள் கம்பெனி ஊழியர்கள் நால்வர். மறுநாள் லூயிவில்லிலிருந்து கிளம்பும் வேறொரு விமானத்தை அவர்கள் ஓட்ட வேண்டுமாம். ஆகவே நான்கு பயணிகள் இறங்க வேண்டுமாம்! 400 டாலருக்குப் பயணச் சீட்டுத் தருகிறோம் என்றார்கள். எவரும் எழவில்லை. 800 என்றார்கள். அப்போதும் எவரும் எழவில்லை. ஏன் எழுவார்கள்? அடுத்த விமானம் மறுநாள் பிற்பகல். அவரவருக்கு அவரவர் வேலை!

உடனே கணிப்பொறியைத் தட்டினார்கள். அது நான்கு பேரைச் சுட்டிக் காட்டியது. மூவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினர். நான்காமவர் 69 வயது மருத்துவர். காலையிலே நோயாளிகளைப் பார்க்க வேண்டும், இறங்க மாட்டேன் என்றார். வந்தார்கள் விமான நிலையக் காவலர்கள். இழுத்தார்கள். கைப்பிடியிலே முகம் மோதிற்று. மூக்கு உடைந்தது, பற்கள் இரண்டு போயின. இரத்தம் ஒழுக, நடைபாதையிலே கிடத்தி, மூட்டையை இழுப்பதுபோல் இழுத்துச் சென்றார்கள். பக்கத்திலே இருந்தவர்கள் கைப்பேசியிலே படம் எடுத்தார்கள். உலகமே பார்த்தது.

இதற்கு அந்தக் கம்பெனியின் தலைவர் முதலிலே சொன்ன சொல் என்ன தெரியுமா? வாடிக்கையாளர்களுக்கு “மறு இடவசதி” செய்ய நேர்ந்ததற்கு வருந்துகிறோம் என்றார்! மறு இடவசதி! பல்லை உடைத்து வெளியே போட்டதற்குப் பெயர் மறு இடவசதி! நம்மூர் மிராசுதார் குடிசையைப் பிரித்தெறிந்தபோதுகூட இத்தனை அழகான சொல் அவருக்குக் கிடைத்ததில்லை.

இதிலே ஒன்றைக் கவனியுங்கள். இடம் இழந்த பயணிக்கு அன்றைய அமெரிக்க விதிப்படி 1,350 டாலர் வரையில் கொடுக்க வேண்டிவரலாம். கம்பெனியோ 800-க்கு மேலே ஒரு படி ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் யாரேனும் ஒருவர் சிரித்துக்கொண்டே இறங்கியிருப்பார். சிகாகோவிலிருந்து லூயிவில்லுக்குக் காரிலே ஐந்து மணி நேரம்தான். ஊழியர் நால்வரையும் ஒரு காரிலே ஏற்றி அனுப்பியிருந்தாலும் காரியம் முடிந்திருக்கும். சில நூறு டாலரை மிச்சம் பிடிக்கப் போனவர்கள், அந்த மாதம் முடிவதற்குள்ளே அந்த மருத்துவரோடு சமரசம் செய்துகொண்டு, வெளியே சொல்லாத ஒரு தொகையைக் கொடுத்தார்கள். இனிமேல் இடம் விட்டுக்கொடுப்பவருக்கு 10,000 டாலர் வரையில் தருவோம் என்றும் அறிவித்தார்கள். 800 ஒரே மாதத்தில் 10,000 ஆயிற்று! இருக்கையின் விலையா ஏறிற்று? இல்லை, இழுக்கப்பட்டவனின் இரத்தம் படமாக ஊரெல்லாம் ஓடிற்று.

“அமெரிக்காவிலே ஆகாயத்திலே பறக்கிறவன் கதை நமக்கெதற்கு? பஸ்ஸிலே தொங்குகிறவன் பாட்டைப் பேசு” என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தோழரைத் திருச்சி விமான நிலையத்துக்கு ஒரு நாள் இரவு போய்ப் பார்க்கச் சொல்கிறேன். அங்கே நிற்பவர்கள் யார்? சீமான்களா? அட்டைப் பெட்டியிலே கயிறு கட்டி, பெட்டியின் மேலே பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, மனைவி கண்ணீர் விட, பிள்ளை சட்டையைப் பிடித்துக்கொள்ள, துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் புறப்படுகிறவர்கள். கொத்தனார், கம்பி கட்டுகிறவர், வெல்டர், டிரைவர், சமையற்காரர். நம் ஊர்க்காரர்கள், நம் வீட்டுக்காரர்கள். விமானம் இன்றைக்குப் பாட்டாளியின் பஸ்ஸாகவும் ஆகிவிட்டது. ஆகவே அதிலே இடம் யாருக்கு உறுதி, யாருக்கு உறுதியில்லை என்பது நம் பிரச்சினைதான்.

சரி, இருக்கிற இடத்துக்கு மேலே ஏன் விற்கிறார்கள்? சீட்டு வாங்கியவர்களில் சிலர் கடைசி நேரத்திலே வருவதில்லை. ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனுக்கு வேலை மாறிவிட்டது, ஒருவன் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டான். 180 இடம் உள்ள விமானத்திலே ஐந்து பேர் வரமாட்டார்கள் என்று பழைய கணக்கைப் பார்த்து முடிவு செய்கிறது கம்பெனி. 185 பேருக்குச் சீட்டு விற்கிறது. ஐந்து பேர் வராவிட்டால் எல்லோருக்கும் சுகம். வந்துவிட்டால்? ஐந்து பேர் வாசலிலே நிற்பார்கள். சூதாடுவது கம்பெனி, பணயம் பயணி!

காலியாகப் பறக்கும் இருக்கை நாட்டுக்கே நட்டமல்லவா, எண்ணெய் வீணல்லவா, எல்லோருக்கும் கட்டணம் ஏறாதா என்று வாதிடுகிறார்கள். அந்த வாதத்தை அடியோடு தள்ளிவிட நான் தயாராக இல்லை. அதிலே பாதி உண்மை இருக்கிறது. மறு பாதி என்ன? வராமல் போனவன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்களா? மலிவுச் சீட்டுக்காரன் வராவிட்டால் பெரும்பாலும் அவன் பணம் கம்பெனிக்கே. அந்த இருக்கைக்குக் காசு ஏற்கெனவே பெட்டியில் விழுந்துவிட்டது. அதையே இன்னொருவனுக்கும் விற்பது இரண்டாவது வசூல். ஒரே வயலை இரண்டு பேருக்குக் குத்தகைக்கு விட்டால் பஞ்சாயத்திலே நிறுத்திக் கேட்போம். ஆகாயத்திலே செய்தால் அதற்குப் பெயர் வருவாய் நிர்வாகம்!

நம் ரயிலைப் பாருங்கள். ரயில்வேயின் குறைகளைப் பட்டியல் போட இந்த ஏடு போதாது. ஆனாலும் அங்கே ஒரு நேர்மை இருக்கிறது. இடம் தீர்ந்துவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் 14-ஆம் எண் என்று சீட்டிலேயே அச்சடித்துக் கொடுக்கிறார்கள். ஆர்.ஏ.சி. என்றால் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையிலே இருவர் உட்கார வேண்டும் என்பது வாங்கும்போதே தெரியும். முழங்காலை மடக்கிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்து போகிறோம், திட்டிக்கொண்டே போகிறோம். ஆனால் ஏமாந்தோம் என்று சொல்வதில்லை. விமானக் கம்பெனியோ 181-ஆவது ஆளுக்கும் “உறுதி” என்றுதான் எழுதிக் கொடுக்கிறது. 185-ஆவது ஆளுக்கும் “உறுதி”! அதிகம் விற்பதைவிடப் பெரிய குற்றம் இந்தப் பொய் உறுதி.

இந்தக் குற்றத்தைக் கோர்ட்டிலே நிறுத்திக் கேட்டார் ஒருவர். ரால்ஃப் நாடர். கார்க் கம்பெனிகளின் அலட்சியத்தை 1965-ல் நூலெழுதி அம்பலப்படுத்திய அமெரிக்க வழக்குரைஞர். 1972 ஏப்ரல் 28 அன்று ஹார்ட்ஃபோர்டு நகரிலே நுகர்வோர் சங்கத்துக்காக ஒரு கூட்டம். அவர் பேச வேண்டும். மூன்று நாள் முன்னதாகவே அலிகெனி கம்பெனியிலே வாஷிங்டனிலிருந்து இடம் பதிவு செய்திருந்தார். வாசலுக்குப் போனால் இடமில்லை என்கிறார்கள். இருந்த இடம் 100. உறுதி செய்யப்பட்ட பதிவு 107! நட்டஈடாக 32 டாலர் 41 செண்ட் நீட்டினார்கள். வாங்க மறுத்தார் நாடர். பாஸ்டனுக்கு வேறு விமானம் ஏறினார். கூட்டம் அவர் இல்லாமலே நடந்தது. மேடை போட்டு, விளக்குப் போட்டு, மக்கள் திரண்ட பிறகு பேச்சாளர் வரவில்லை என்றால் ஏற்பாடு செய்த தோழர் எப்படி விழிப்பார் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வழக்குத் தொடுத்தார். இடமில்லாமல் போகக்கூடும் என்பதை மறைத்து உறுதி என்று சொன்னது மோசடி என்பதே வழக்கு. 1973-ல் நீதிமன்றம் தண்டத் தொகையாக அவருக்கு 25,000 டாலரும், கூட்டம் கெட்டுப்போன சங்கத்துக்கு 25,000 டாலரும் விதித்தது. 32 டாலர் எங்கே, 25,000 எங்கே! கம்பெனி மேலே போயிற்று. மேல் கோர்ட் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. 1976-ல் உச்ச நீதிமன்றம், விமான வாரியம் ஒன்று இருக்கிறது என்பதால் மோசடி வழக்கு கோர்ட்டுக்கு வரக்கூடாது என்பது செல்லாது என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் அந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. பணம் எவ்வளவு கைக்கு வந்தது என்பதைவிட, நாட்டிலே பிறந்த வெட்கம்தான் வேலை செய்தது.

எப்படி? அங்கே ஜூலியன் சைமன் என்று ஒரு பொருளாதாரப் பேராசிரியர். 1968-லேயே ஒரு யோசனை எழுதினார். ஆட்கள் அதிகமாகிவிட்டால் எல்லோருக்கும் ஓர் உறையும் தாளும் கொடுங்கள். எவ்வளவு கொடுத்தால் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பீர்கள் என்று அவரவர் எழுதட்டும். குறைந்த தொகை எழுதியவருக்கு அந்தத் தொகையைக் கையிலே கொடுத்து இறக்குங்கள். மற்றவர்கள் போகட்டும் என்றார். எவ்வளவு எளிய யோசனை! கம்பெனிகள் ஏற்கவில்லை. நடக்காத காரியம் என்றார்கள். பத்தாண்டு கழித்து, 1978-ல், ஆல்ஃபிரட் கான் தலைமையிலே இருந்த அமெரிக்க விமான வாரியம், முதலிலே விரும்பி இறங்குகிறவர் உண்டா என்று கேட்டே ஆக வேண்டும் என்று விதி போட்டது. நடக்காத காரியம் நடந்தது!

விளைவைப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் பன்னிரண்டிலும் சேர்த்து, பேரம் பேசித் தாமாகவே இடம் விட்டவர்கள் சுமார் 4,34,000 பேர். விருப்பமில்லாமல் தள்ளப்பட்டவர்கள் சுமார் 40,600 பேர். பத்துக்கு ஒன்பது பேர் சம்மதித்து, காசு வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். அவசரம் ஒருவனுக்கு ஒருவன் மாறும், தோழர்களே. விடுமுறைக்குப் போகும் மாணவன் நாலு மணி நேரத்தைச் சந்தோஷமாக விற்பான். தாயின் கடைசி முகத்தைப் பார்க்க ஓடுகிறவன் எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் விற்கமாட்டான். யார் எவன் என்பது கணிப்பொறிக்குத் தெரியாது. கேட்டால்தான் தெரியும். கேட்பதற்குத்தான் அவர்களுக்கு மனமில்லை.

அப்படிக் கேட்காமல் தேர்ந்தெடுக்கும்போது யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? கட்டணம் எவ்வளவு கொடுத்தான், அடிக்கடி வருகிற பெரிய வாடிக்கைக்காரனா, எப்போது வந்து பதிவு செய்தான் என்றெல்லாம் பார்க்கின்றன கம்பெனிகள். மலிவுச் சீட்டு வாங்கியவன், ஆண்டுக்கொரு முறை பறப்பவன், கடைசியிலே வந்து நிற்பவன் யார்? சொல்லவும் வேண்டுமா! இழுக்கப்பட்ட மருத்துவரின் கதைக்குப் பிறகு, 2018-ல் அமெரிக்கா சட்டம் செய்தது: சீட்டைச் சரிபார்த்து உள்ளே விட்ட பயணியை, பாதுகாப்புப் போன்ற காரணம் இல்லாமல், இடமில்லை என்று பிறகு இறக்கக்கூடாது, கம்பெனி கொடுக்கும் தொகைக்கு மேல்வரம்பு என்று எதுவும் கிடையாது. அமர்ந்த இலையிலிருந்து எழுப்பாதே என்று சட்டம் எழுத ஒரு மனிதனின் மூக்கு உடைய வேண்டியிருந்தது!

ஐரோப்பா இன்னும் ஒரு படி மேலே நிற்கிறது. 1991-லேயே விதி உண்டு. 2004-ல் அதைத் திருத்திப் புதிதாக எழுதி, 2005 பிப்ரவரி 17 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 1,500 கிலோமீட்டருக்குள் என்றால் 250 யூரோ, நடுத்தரத் தொலைவுக்கு 400, நெடுந்தொலைவுக்கு 600. நீ என்ன விலைக்குச் சீட்டு வாங்கினாய் என்று கேட்பதே இல்லை! 30 யூரோவுக்கு வாங்கியவனுக்கும் 250, முன்வரிசைக்காரனுக்கும் 250. பணம் ரொக்கமாகவோ வங்கி வழியாகவோ வர வேண்டும். கம்பெனியின் பயணச் சீட்டை நீட்டுவதென்றால் பயணி கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். இறக்கிவிடப்பட்ட ஒவ்வொருவர் கையிலும் உன் உரிமை இன்னதென்று எழுத்திலே கொடுக்க வேண்டும். கம்பெனிகளின் சங்கம் வழக்குப் போட்டது. சீட்டு விலைக்கு மேலே நட்டஈடா என்று புலம்பியது. 2006 ஜனவரியிலே ஐரோப்பிய நீதிமன்றம் விதி செல்லும் என்றது. ஆமாம், சீட்டு விலைக்கு மேலேதான்! நட்டம் சீட்டிலா இருக்கிறது? போக வேண்டிய இடத்திலே அல்லவா இருக்கிறது!

இனி, நம் நாட்டுக்கு வருவோம்.

இங்கே சட்டமன்றம் செய்த சட்டமல்ல, நாடாளுமன்றம் செய்த சட்டமுமல்ல. டில்லியிலே உள்ள விமானப் போக்குவரத்து இயக்குநர் அலுவலகம் போட்ட விதிமுறைத் தாள் ஒன்றுதான் பயணிக்குக் கவசம். 2010-ல் முதன்முதலாக வந்தது. அப்போது எழுதிய தொகை என்ன தெரியுமா? ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,000 ரூபாய், இரண்டு மணி வரையில் 3,000, அதற்கு மேல் 4,000. அல்லது அடிப்படைக் கட்டணமும் எண்ணெய்க் கட்டணமும் சேர்ந்த தொகை. இவற்றிலே எது குறைவோ அது! எது குறைவோ அது! இந்த ஒரு வரியை எழுதிய பேனா யார் பக்கம் சாய்ந்திருந்தது என்று நான் விளக்க வேண்டுமா?

2016-ல் திருத்தினார்கள். தொகை ஏறியது, மறுக்கவில்லை. குறித்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் ஏற்பாடு செய்தால் ஒன்றும் கிடையாது. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எண்ணெய்க் கட்டணமும் சேர்ந்ததைப் போல இரண்டு மடங்கு. ஆனால் 10,000 ரூபாய்க்கு மேலே போகாது. 24 மணி நேரத்துக்கும் மேலே என்றால் நான்கு மடங்கு. 20,000-க்கு மேலே போகாது. வேறு விமானமே வேண்டாம் என்பவனுக்குச் சீட்டுப் பணமும் நான்கு மடங்கும். அதிலும் அதே 20,000 வரம்பு.

மடங்கு என்றதும் மயங்கிவிடாதீர்கள். அடிப்படையும் எண்ணெயும் சேர்த்து 2,500 ரூபாய்க்கு மலிவிலே சீட்டு வாங்கியவன் அடுத்த நாள் காலை வரையில் காத்திருந்தால் அவனுக்கு 5,000. அதே விமானத்திலே கடைசி நேரத்திலே 12,000 கொடுத்து வாங்கியவனுக்கு இரண்டு மடங்கு 24,000 அல்லவா? இல்லை, 10,000தான், அவன் கொடுத்த காசைவிடக் குறைவு! ஏழைக்கு வந்தால் மடங்கு குறுக்கே நிற்கிறது. அவசரக்காரனுக்கு வந்தால் வரம்பு குறுக்கே நிற்கிறது. இரண்டு பக்கமும் கம்பெனிக்குப் பாதுகாப்பு. ஐரோப்பாக்காரன் தொலைவைப் பார்த்துத் தொகை வைத்தான். நம்மவர்கள் பையைப் பார்த்துத் தொகை வைத்தார்கள். நேரத்தை இழந்தவன் ஏழையானால் நேரமும் மலிவோ?

அம்மட்டோ! விரும்பி இறங்குவோர் உண்டா என்று முதலிலே கேட்க வேண்டும் என்று இந்தத் தாளிலும் இருக்கிறது. ஆனால் என்ன கொடுத்துக் கேட்பது? கம்பெனி தன் விருப்பப்படி எதைக் கொடுக்க நினைக்கிறதோ அதைக் கொடுத்துக் கேட்கலாம்! பொருளுக்குச் சொந்தக்காரன் பயணி. விலை சொல்கிறவன் வாங்குகிறவன். கட்டாயப்படுத்தி இறக்கினால் 10,000-தான் என்று தெரிந்த பிறகு, எந்தக் கம்பெனி எழுந்து நின்று 15,000 தருகிறேன், யார் வருகிறீர்கள் என்று கூவும்? வரம்பு வைத்தவுடனே பேரம் செத்துப் போயிற்று.

அந்த வரம்புக்குள்ளே இருக்கும் தொகையையாவது கொடுத்தார்களா? 2022 ஜூனிலே அதே இயக்குநர் அலுவலகம் ஏர் இந்தியாவுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. பெங்களூர், ஐதராபாத், டில்லி நிலையங்களிலே சோதித்துப் பார்த்தார்களாம், செல்லுபடியாகும் சீட்டு வைத்திருந்து, நேரத்துக்கு வந்து நின்றவர்களை ஏற்றவில்லை, நட்டஈடும் கொடுக்கவில்லை, இதற்கென்று ஒரு கொள்கையே கம்பெனியிடம் இருப்பதாகத் தெரியவில்லை என்று அலுவலகமே சொல்லியது. விதி பிறந்தது 2010-ல். கொள்கை இல்லை என்று கண்டது 2022-ல்! பன்னிரண்டு ஆண்டு! டாட்டா தொடங்கிய கம்பெனி, 1953-ல் அரசுடைமையாகி, 2022 ஜனவரியிலே மறுபடியும் டாட்டாவிடமே போய்ச் சேர்ந்தது. ஆகவே அந்தப் பன்னிரண்டில் பெரும்பகுதி அரசாங்கமே முதலாளியாக இருந்த காலம். தனியார் மட்டும்தான் தவறு செய்வார் என்று நானும் பேசிக்கொண்டிருக்கத் தயாராக இல்லை.

அந்த 10 லட்சம் யாருக்குப் போயிற்று? வாசலிலே நின்றவனுக்கா? அரசாங்கத்துக்கு! அடிபட்டவன் ஒருவன், அபராதம் வாங்குகிறவன் இன்னொருவன். பயணி தனியாக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்பார்கள். போகலாம்தான். மஸ்கட்டிலே கம்பி கட்டிக்கொண்டிருப்பவன் புதுக்கோட்டையிலே எந்த வாய்தாவுக்கு வருவான்?

அவன் இழப்பை எண்ணிப் பாருங்கள். ஏஜெண்டுக்குக் கொடுத்தது நகையை வைத்த பணம். விசாவிலே நுழைவதற்குக் கடைசித் தேதி உண்டு. அங்கே முகாமிலிருந்து ஆள் வந்து ஒரு முறை காத்திருப்பான். இரண்டாம் முறை வருவானா? இன்று வேலையில் சேராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். இவற்றுக்கெல்லாம் ஈடு, இரண்டு மடங்கு அடிப்படைக் கட்டணம், 10,000-க்கு மிகாமல்! அதையும் கேட்டால்தான், கேட்பதும் ஆங்கிலத்திலே அல்லது இந்தியிலே தெரிந்தால்தான். சிறிய எழுத்திலே நாலு பக்கம் அடித்த நிபந்தனையைப் படித்துப் பார்த்து, விதி எண் சொல்லி வாதாடவா அவன் ஊரிலே பள்ளிக்கூடம் போனான்?

விமானம் முழுவதும் மத்தியப் பட்டியலிலே, 29-ஆவது இனத்திலே இருக்கிறது. நிலையம் திருச்சியிலே, பயணி பெரம்பலூர்க்காரன், கண்ணீர் தமிழ். ஆனால் ஒரு வரி விதி எழுதக்கூட மாநில அரசுக்கு அதிகாரமில்லை. 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்தை எடுத்துவிட்டு 2024-ல் புதுச் சட்டம் செய்தார்கள். 2025 ஜனவரி முதல் அது நடைமுறையிலே இருக்கிறது. பெயர் என்ன? பாரதிய வாயுயான் அதிநியம்! பெயரை மாற்ற நாடாளுமன்றத்துக்கு நேரம் கிடைத்தது. இறக்கிவிடப்பட்டவனுக்கு இன்ன தொகை என்று ஒரு பிரிவு அதிலே எழுத நேரம் கிடைக்கவில்லை. அது இன்னமும் அலுவலகத் தாளின் கருணையிலே கிடக்கிறது.

நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டியதை நான் சுருக்கமாகவே சொல்கிறேன். அதிகம் விற்பதை அடியோடு தடை செய் என்று நான் கேட்கவில்லை, விற்றுத் தொலைக்கட்டும். ஆனால் விற்றதைத் திரும்ப வாங்க வேண்டுமானால் பயணி சொல்லும் விலைக்கு வாங்கட்டும். விரும்பி எழுகிற ஒருவன் கிடைக்கும் வரையில் விலை ஏறட்டும். யாரையும் கட்டாயமாக இறக்கும் அதிகாரமே வேண்டாம். அது முடியாத நேரத்திலே, சீட்டின் விலையைப் பாராமல் தொலைவைப் பார்த்து ஒரே தொகை. அமெரிக்காவிலே இரண்டாண்டுக்கொரு முறை விலைவாசியோடு தொகையை ஏற்றுகிறார்களே, அப்படி இங்கும் ஏறட்டும். பணம் அங்கேயே, அந்த கவுண்ட்டரிலேயே. வேலை விசாவிலே போகிறவனைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். தமிழ்நாட்டு நிலையங்களிலே உரிமைத் தாள் தமிழிலே, கேளாமலே கையிலே கொடுக்க வேண்டும்.

டில்லி அசைவதற்கு நாளாகும். அதுவரையில் சும்மா இருக்க வேண்டியதில்லை. விதி நேரத்துக்கு வந்தவனைத்தான் காக்கும். ஆகவே தாமதமாக வந்தான் என்று எழுதிவிடுவதே கம்பெனிக்கு எளிய வழி. ஒரு பக்கத் தாள் ஒன்று எழுதியிருக்கிறேன். கவுண்ட்டருக்கு வந்து நின்றதும் கடிகாரம் தெரியும்படி கைப்பேசியிலே ஒரு படம் எடுத்துக்கொள். போர்டிங் பாஸ் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்காதே. ஏன் ஏற்றவில்லை என்பதை எழுதி வாங்கு. “தாமதம்” என்றோ “தானே விரும்பி” என்றோ எழுதிய தாளிலே கையெழுத்துப் போடாதே. புரியாத மொழியிலே இருந்தால் நிச்சயமாகப் போடாதே. வேறு விமானம் எத்தனை மணிக்கு என்று கேள், அதையும் குறித்துக்கொள். இவ்வளவுதான் அந்தத் தாள். கழகப் படிப்பகங்களுக்கு அனுப்ப இந்த வாரமே அச்சாகிறது. புதுக்கோட்டை, பெரம்பலூர், இராமநாதபுரம் மாவட்டத் தோழர்கள் முதலிலே வாங்கி, வெளிநாடு போகும் தம்பிகள் கையிலே பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்து அனுப்புங்கள்.